மெய்நிகர் கணினி மென்பொருளில் பொதுப்பூட்டு நெரிசலைக் குறைத்தல்: கியூஎமுவின் பெரும்பூட்டை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஒரே வன்பொருளின்மீது பல கணினிகளை இயக்கும் மெய்நிகராக்க மென்பொருள்களுள் கியூஎமு பரவலாகப் பயன்படுவது. ஒற்றை இழையில் இயங்குவதற்காக எழுதப்பட்ட அதன் நிரல், பல செயலிகளைக் கொண்ட காலத்திற்கு வந்தபோது ‘பெரும்பூட்டு’ எனத்தக்க ஒரு பொதுப்பூட்டை நம்பிப் பாதுகாப்புத் தேடிக்கொண்டது. செயலிகளின் எண்ணிக்கை பெருகப் பெருக அப்பூட்டே வேகத்திற்குத் தடையாயிற்று. அப்பூட்டின் நெரிசல் எவ்வாறு உண்டாகிறது, அதனைக் குறைக்கக் கையாளப்பட்ட வழிகள் எவை, அவ்வழிகளுள் சில ஏன் பின்வாங்கப்பட்டன அல்லது கைவிடப்பட்டன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. பூட்டை நீக்குவது அன்று, பூட்டு எதனைக் காத்துவந்தது என்று கண்டறிவதே கடினமான பகுதி என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

திறவுச்சொற்கள்: மெய்நிகராக்கம், கியூஎமு, கேவிஎம், பொதுப்பூட்டு, பூட்டு நெரிசல், இழை, பூட்டற்ற வாசிப்பு

முன்னுரை

ஃபாப்ரிஸ் பெல்லார் 2003இல் கியூஎமுவை வெளியிட்டபோது அதன் நோக்கம் ஒரு செயலிக்காக எழுதப்பட்ட நிரலை வேறொரு செயலியில் இயக்குவதாக இருந்தது. விருந்தினர் இயங்குதளத்தின் கட்டளைகளைச் சிறுசிறு துண்டுகளாக எடுத்துப் புரவலர் கணினியின் கட்டளைகளாக மொழிபெயர்த்து, அவற்றை இயக்குவதே அதன் முறை. இம்மொழிபெயர்ப்பும், வட்டு, வலையட்டை, விசைப்பலகை முதலிய சாதனங்களைப் போலச்செய்யும் பணியும் ஒரே இழையில் மாறிமாறி நடந்தன. அன்றைய மேசைக் கணினிகளில் பெரும்பாலானவை ஒற்றைச் செயலி உடையவையாதலால் அதில் குறையொன்றும் தோன்றவில்லை. (இக்கட்டுரையில் ‘செயலி’ என்பது கட்டளைகளை நிறைவேற்றும் நுண்செயலியையே குறிக்கும், கைப்பேசியில் நிறுவப்படும் மென்பொருளை அன்று.)

ஆவி கிவிட்டி 2006இல் அறிவித்த கேவிஎம், 2007 பிப்ரவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.20 பதிப்பில் இடம்பெற்றது. இன்டெல், ஏஎம்டி செயலிகளில் புதிதாகச் சேர்ந்திருந்த மெய்நிகராக்க வசதியைப் பயன்படுத்தி, விருந்தினரின் கட்டளைகளை மொழிபெயர்ப்பின்றி நேரடியாகவே இயக்க அது வழிவகுத்தது. ஆயினும் கேவிஎம் ஒரு முழுக்கணினியைத் தருவதில்லை. செயலியையும் நினைவகத்தையும் அது பார்த்துக்கொள்ள, எஞ்சிய சாதனங்களைப் போலச்செய்யும் பொறுப்பு கியூஎமுவிடமே இருந்தது. ஒவ்வொரு மெய்நிகர் செயலிக்கும் ஓர் இழை என்னும் அமைப்பு அப்போது தோன்றியது. ஒற்றை இழையை எண்ணி எழுதப்பட்ட சாதன நிரல்களைப் பல இழைகள் ஒரே நேரத்தில் அழைக்கும் நிலையும் அதனோடு வந்தது.

இந்நிலைக்குக் கிடைத்த விரைவான தீர்வு, சாதன நிரல்கள் அனைத்தையும் ஒரே பூட்டின்கீழ்க் கொண்டுவருவது. அதுவே பெரும்பூட்டு.

பெரும்பூட்டின் விதி

பெரும்பூட்டின் விதி எளியது. மெய்நிகர் செயலியின் இழை, விருந்தினரின் கட்டளைகளை இயக்கும்வரை பூட்டைப் பிடிப்பதில்லை. விருந்தினர் ஒரு சாதனத்தின் பதிவகத்தைத் தொட்டால் வன்பொருள் அவ்வியக்கத்தை நிறுத்திக் கேவிஎம்மிடம் ஒப்படைக்கிறது. கேவிஎம் தன்னால் கையாள இயலாதவற்றைக் கியூஎமுவிற்குத் திருப்பி அனுப்புகிறது. இவ்வெளியேற்றத்திற்குப்பின் இழை பெரும்பூட்டைப் பிடித்து, உரிய சாதனத்தின் நிரலை அழைத்து, விடையைப் பெற்று, பூட்டை விடுவித்து, மீண்டும் விருந்தினருக்குள் நுழைகிறது. கியூஎமுவின் முதன்மைச் சுழற்சியும் அவ்வாறே: நிகழ்வுகளுக்காகக் காத்திருக்கையில் பூட்டை விட்டுவிடும், நிகழ்வைக் கையாள்கையில் பிடித்துக்கொள்ளும்.

இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. கியூஎமுவில் நூற்றுக்கணக்கான சாதனங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றை எழுதுபவர் இழைகளைப் பற்றிச் சிந்திக்கவே தேவையில்லாமற்போயிற்று. தம் நிரல் ஓடும்போது வேறெந்தச் சாதன நிரலும் ஓடாது என்று அவர் நம்பலாம். பூட்டு என்னும் சொல்லே வராத நிரலில்கூட அந்நம்பிக்கை வரிக்கு வரி ஊடுருவியிருக்கும். லினக்ஸ் கெர்னலும் இதே பாதையில் சென்றதுதான். பல செயலிகளுக்கான ஆதரவு அதில் முதன்முதல் வந்தபோது (1996, லினக்ஸ் 2.0) ‘பெரிய கெர்னல் பூட்டு’ என்பதையும் உடன் கொண்டுவந்தது. அதனை முற்றிலும் அகற்ற 2011இல் வந்த 2.6.39 பதிப்புவரை ஆயிற்று. பதினைந்து ஆண்டுகள் என்பது சோம்பலின் அளவன்று. எழுதப்படாத நம்பிக்கைகளைத் தேடியெடுக்கும் பணியின் அளவு.

பெயரைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். கியூஎமுவின் மூலநிரலில் இப்பூட்டு நெடுங்காலம் ‘உள்ளீட்டு-வெளியீட்டு இழைப் பூட்டு’ என்னும் பொருள்படும் பெயரால் அழைக்கப்பட்டது. பின்னர் உள்ளீட்டு-வெளியீட்டு இழை என்ற பெயரிலேயே வேறொரு கூறு தோன்றியது. அக்கூறின் சிறப்பே இப்பூட்டைப் பிடிக்காமல் இயங்குவது! பொருளுக்கு நேர்மாறாகிப்போன அப்பெயர் 2024இல் வந்த 9.0 பதிப்பில்தான் பெரும்பூட்டைச் சுட்டும் பெயராக மாற்றப்பட்டது.

நெரிசல் உண்டாகும் முறை

ஒரு பணியில் ஒருவர்பின் ஒருவராகவே செய்யவேண்டிய பகுதி எவ்வளவோ, அதுவே மொத்த வேகத்திற்கும் எல்லை என்பது ஜீன் அம்டால் 1967இல் முன்வைத்த கருத்தின் சாரம். ஒவ்வொரு மெய்நிகர் செயலியும் தன் நேரத்தில் 5 விழுக்காட்டைப் பெரும்பூட்டின்கீழ்ச் செலவிடுகிறது எனக் கொண்டால், 16 செயலிகள் சேர்ந்து தருவது ஏறத்தாழ 9 செயலிகளின் பயன். 64 செயலிகள் தருவது 15 செயலிகளின் பயன். செயலிகளை எவ்வளவு கூட்டினாலும் 20ஐத் தாண்ட இயலாது. அவ்விழுக்காட்டை 1ஆகக் குறைத்தால் அதே 64 செயலிகள் 39 செயலிகளின் பயனைத் தரும்.

நடைமுறை இக்கணக்கினும் கடுமையானது. பூட்டு பிடிபட்டிருந்தால் காத்திருக்கும் இழை உறங்கச் செல்கிறது. பூட்டு விடுபட்டதும் அதனை எழுப்பவேண்டும். உறங்குவதற்கும் எழுப்புவதற்கும் ஆகும் நேரம், பூட்டின்கீழ்ச் செய்யவேண்டிய வேலையைவிடப் பன்மடங்கு மிகுதியாகலாம். பூட்டின் நிலையைக் குறிக்கும் நினைவக வரி ஒரு செயலியின் இடைமாற்று நினைவகத்திலிருந்து மற்றொன்றிற்கு ஓயாது பயணம் செய்கிறது. பூட்டைப் பிடித்திருக்கும் இழையைப் புரவலர் கணினியின் கெர்னல் இடையில் நிறுத்தி வேறொரு பணிக்குச் செயலியைக் கொடுத்துவிட்டால், காத்திருப்போர் அனைவரும் அவ்விழை மீளும்வரை நிற்கவேண்டியதே. விருந்தினரின் பார்வையில் இது விளங்கவொண்ணாத தடுமாற்றமாகத் தோன்றும்: செயலிகள் ஓய்வாக இருப்பதுபோல் காணும்; வேலையோ நகராது. ‘போட்டி’ என்ற சொல்லைவிட ‘நெரிசல்’ என்பது இந்நிலைக்குப் பொருத்தமாக அமைவதும் இதனால்தான்.

நெரிசலின் இருப்பிடத்தை ஊகத்தால் அறிய முயல்வது பெரும்பாலும் தவறான இடத்திற்கே இட்டுச்செல்லும். எமிலியோ கோட்டா எழுதி, 2018இல் கியூஎமுவில் சேர்ந்த ஒத்திசைவு அளவீட்டுக் கருவி, ஒவ்வொரு பூட்டிற்கும் எந்த நிரல்வரியிலிருந்து எத்தனை முறை அழைப்பு வந்தது, எவ்வளவு நேரம் காத்திருக்க நேர்ந்தது என்பதைப் பட்டியலிட்டுக் காட்டுகிறது. பின்வரும் வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை அப்பட்டியலே முடிவுசெய்யவேண்டும்.

பூட்டின் அருகே செல்லாத பாதைகள்

நெரிசலைக் குறைக்கும் முதல்வழி, பூட்டைத் தொடாமலே பணியை முடிப்பது. வட்டிற்கோ வலைக்கோ ஒரு வேண்டுகோளை இட்ட விருந்தினர், ‘வேலை காத்திருக்கிறது’ என்று அறிவிக்க ஒரு பதிவகத்தில் எழுதுகிறார். அவ்வெழுத்து கியூஎமுவரை வரவேண்டியதில்லை. குறித்த முகவரியில் எழுதப்பட்டால் ஒரு நிகழ்வுக் கோப்பைத் தட்டிவிடுமாறு கேவிஎம்மிடம் முன்கூட்டியே கூறிவிடலாம். கெர்னல் அதனைத் தட்டிவிட்டு உடனே விருந்தினரை இயக்கச் செல்லும். அக்கோப்பிற்காகக் காத்திருக்கும் வேறோர் இழை வேலையை எடுத்துக்கொள்ளும். மறுதிசையில், வேலை முடிந்ததை அறிவிக்கும் குறுக்கீட்டையும் ஒரு நிகழ்வுக் கோப்பின் வழியாகவே கெர்னலுக்குள் செலுத்தலாம். மெய்நிகர் செயலியின் இழை, பெரும்பூட்டு இரண்டும் இதில் ஈடுபடுவதேயில்லை.

வலைப் போக்குவரத்தைக் கையாளும் நிரலைக் கெர்னலுக்குள்ளேயே கொண்டுசென்ற விஹோஸ்ட்-நெட் (லினக்ஸ் 2.6.34, 2010) இவ்வசதியைப் பயன்படுத்திய முதன்மையான எடுத்துக்காட்டு. வட்டுப் பணிக்கு ஸ்டெஃபான் ஹைனோட்சி 2013இல், கியூஎமு 1.4 பதிப்பில் ‘தரவுத்தளம்’ எனத்தக்க ஒரு சோதனை அமைப்பைக் கொணர்ந்தார். அதில் ஒரு தனி இழை, பெரும்பூட்டைப் பிடிக்காமல், விருந்தினரின் வட்டு வேண்டுகோள்களை நேரே லினக்ஸின் ஒத்திசையா உள்ளீட்டு-வெளியீட்டு வசதியிடம் ஒப்படைத்தது.

அம்முதல் வடிவத்திற்கு ஒரு விலை இருந்தது. பெரும்பூட்டை நம்பிய கியூஎமுவின் வட்டு அடுக்கை அது முற்றிலும் விலக்கிவிட்டதால், வட்டுப் படிமங்களின் பல வடிவங்கள், நொடிப்படங்கள், வட்டு இயங்கிக்கொண்டிருக்கும்போதே நகலெடுத்தல் ஆகிய வசதிகளையும் இழந்தது. வேகத்தை வேண்டியவர் வசதியையும், வசதியை வேண்டியவர் வேகத்தையும் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. இரண்டையும் இணைக்கும் முயற்சியே அடுத்த பத்தாண்டின் வரலாறு.

இடைக்காலப் பூட்டின் பத்தாண்டு

வட்டு அடுக்கைத் தனி இழைக்குள் கொண்டுவரவேண்டுமெனில், அவ்விழையும் முதன்மைச் சுழற்சியும் ஒரே வட்டுப் பொருளைத் தொடும் நிலை ஏற்படும். பயனர் ஒரு நொடிப்படத்திற்குக் கட்டளையிட்டால் அது முதன்மை இழையில், பெரும்பூட்டின்கீழ் நடக்கும். அதே வேளையில் தனி இழை அவ்வட்டில் எழுதிக்கொண்டிருக்கும். இம்மோதலைத் தவிர்க்க ஒவ்வொரு நிகழ்வுச் சுழற்சிக்கும் ஒரு பூட்டு வழங்கப்பட்டது. ஒரு வட்டைத் தொட விரும்பும் எந்த இழையும், அவ்வட்டு சார்ந்திருக்கும் சுழற்சியின் பூட்டை முதலில் பிடிக்கவேண்டும். அவ்வகையில் ஒரு பெரும்பூட்டின் இடத்தைப் பல நடுத்தரப் பூட்டுகள் பகிர்ந்துகொண்டன.

இம்முறை வேலைசெய்தது, ஆனால் பெரும்பூட்டின் குறைகளையும் தன்னோடு எடுத்துவந்தது. எந்தத் தரவைக் காக்கிறது என்று சொல்லாமல், ‘இந்த வட்டைச் சார்ந்த எல்லாவற்றையும்’ காப்பதாகவே அதுவும் அமைந்தது. ஒரே இழை அதனைப் பன்முறை பிடிக்கலாம் என்ற சலுகையும் தரப்பட்டிருந்தது. நடந்துகொண்டிருக்கும் வேண்டுகோள் முடியும்வரை முதன்மை இழை காத்திருக்கவேண்டிய இடங்களில் இச்சலுகை இடறியது: காத்திருக்கும் நிரல் பூட்டை ஒருமுறை விடுவிக்கும், ஆனால் அழைத்தவர் அதனை இருமுறை பிடித்திருந்தால் பூட்டு விடுபடாது, தனி இழை முன்னேற இயலாது, இருவரும் ஒருவர்க்காக ஒருவர் நிற்பர். பூட்டைப் பிடிக்க மறந்தால் தரவு சிதையும். மிகையாகப் பிடித்தால் முட்டுக்கட்டை விழும். எந்தச் சார்பை எந்தப் பூட்டோடு அழைக்கவேண்டும் என்பது குறிப்புரைகளிலும் வல்லுநர்களின் நினைவிலும் மட்டுமே இருந்தது.

வேறொரு தடையும் இருந்தது. ஒரு வட்டு ஒரு சுழற்சியையே சார்ந்திருக்க இயலும் என்பதால், ஒரு வட்டின் வேண்டுகோள்கள் அனைத்தும் ஒரே இழையின் வழியாகவே சென்றன. நொடிக்குப் பல இலட்சம் வேண்டுகோள்களை ஏற்கும் திண்மநிலை வட்டுகள் வந்தபின் அவ்வோர் இழையே புதிய நெரிசலாயிற்று.

தீர்வு, இப்பூட்டை மேலும் நுணுக்குவதில் கிடைக்கவில்லை; கைவிடுவதில் கிடைத்தது. அதற்கு முன்பாக, அது காத்துவந்த ஒவ்வொன்றையும் பெயரிட்டுப் பிரிக்க வேண்டியிருந்தது. சில தரவுகள் உண்மையில் ஓர் இழையால் மட்டுமே தொடப்படுபவை. அவற்றிற்குப் பூட்டே தேவையில்லை. எண்ணிக்கைகளையும் கொடிகளையும் அணுநிலைச் செயல்களால் மாற்றலாம். வேண்டுகோள் வரிசைகளுக்குச் சிறுபூட்டுகள் போதும். ஒரு வட்டைத் தற்காலிகமாக அமைதிப்படுத்த, அதன்மீதான வேண்டுகோள்களை நிறுத்தி, நடப்பவை வடியும்வரை காத்திருக்கும் ‘வடிப்பு’ முறை பூட்டின் இடத்தை ஏற்றது. வட்டுப் பொருள்கள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கும் வரைபடத்திற்கு மட்டும் ஒரு வாசிப்போர்-எழுதுவோர் பூட்டு அமைக்கப்பட்டது. அவ்வரைபடத்தைத் தொடும் சார்புகள் எந்தப் பூட்டோடு அழைக்கப்படவேண்டும் என்பது இம்முறை மூலநிரலிலேயே குறிக்கப்பட்டு, கிளாங் தொகுப்பியால் சரிபார்க்கப்படுமாறு செய்யப்பட்டது. நினைவில் இருந்த விதி எழுத்திற்கு வந்தது என்பதே இம்மாற்றத்தின் உண்மையான மதிப்பு; வேகம் அதன் விளைவு மட்டுமே.

9.0 பதிப்பில் அவ்விடைக்காலப் பூட்டு நீக்கப்பட்டது. ஒரு வட்டின் பல வரிசைகளைப் பல இழைகளுக்குப் பகிர்ந்தளிக்கும் வசதி அதே பதிப்பிலேயே வந்தது தற்செயலன்று.

கடிகாரத்தைப் படித்தல்

வட்டும் வலையும் பெரும்பூட்டிலிருந்து விலகியபின்னும் நெரிசல் எதிர்பாராத ஓரிடத்தில் எஞ்சியிருந்தது: நேரத்தைக் கேட்பது.

விருந்தினர் இயங்குதளம் நேரத்தை அறியப் பல கடிகாரங்களுள் ஒன்றைப் பயன்படுத்தலாம். செயலிக்குள் இருக்கும் எண்ணியைப் படித்தால் வெளியேற்றம் நிகழ்வதில்லை. ஆனால் ஹெச்பெட் எனப்படும் துல்லிய நிகழ்வுக் கடிகாரத்தையோ, மின்மேலாண்மைக் கடிகாரத்தையோ படித்தால் அது ஒரு சாதனப் பதிவகத்தைத் தொடுவதாகும். ஒவ்வொரு வாசிப்பும் கியூஎமுவரை வந்து பெரும்பூட்டைப் பிடித்து மீளவேண்டும். ஒரு வாசிப்பிற்காகப் பூட்டு 2 மைக்ரோநொடி பிடிக்கப்படுகிறது எனக் கொண்டால், நொடிக்கு 5,00,000 வாசிப்புகளே முழுக்கணினிக்கும் உச்சவரம்பு. 128 செயலிகள் ஒரே நேரத்தில் கேட்குமானால் ஒவ்வொன்றிற்கும் கிடைப்பது ஏறத்தாழ 3,900 வாசிப்புகள். தாமதத்தை அளக்க நேரத்தை ஓயாது கேட்டுக்கொண்டே சுழலும் நிரல்கள் இயங்குதளங்களில் இயல்பானவை. தொடக்கக் கட்டத்தில் அவை மிகுதி. அத்தகைய நிரல் எல்லாச் செயலிகளிலும் ஓடினால் கணினி எழுந்திருக்கவே தவிக்கும்.

பார்த்தால் இங்குப் பூட்டிற்குத் தேவையே இல்லை. ஹெச்பெட்டின் முதன்மை எண்ணி, புரவலர் கணினியின் கடிகாரத்தோடு ஒரு வித்தியாசத்தைக் கூட்டிப் பெறப்படுவது. அவ்வித்தியாசம் கடிகாரத்தைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் மட்டுமே மாறுகிறது. கோடிக்கணக்கான வாசிப்புகளுக்கு ஓர் எழுத்து என்னும் விகிதத்தில் நிகழும் மாற்றத்திற்காக வாசிப்போர் அனைவரையும் வரிசையில் நிறுத்துவது வீண். இவ்விடத்திற்கு ஏற்றது வரிசையெண் முறை: எழுதுபவர் தொடங்கும்முன் ஓர் எண்ணை ஒன்று கூட்டுகிறார், முடித்தபின் மீண்டும் ஒன்று கூட்டுகிறார். வாசிப்பவர் முன்னும் பின்னும் அவ்வெண்ணைப் பார்க்கிறார். அது ஒற்றைப்படையாக இருந்தாலோ இடையில் மாறியிருந்தாலோ மீண்டும் வாசிக்கிறார். வாசிப்பவர் பகிரப்பட்ட நினைவகத்தில் எதையும் எழுதுவதில்லை என்பதால் எத்தனை பேர் வாசித்தாலும் ஒருவரால் ஒருவர் தடைபடுவதில்லை.

ஆனால் சாதனத்தின் நிரலுக்கு வருமுன்பே ஒரு பூட்டு உண்டு. விருந்தினர் தொட்ட முகவரி எந்தச் சாதனத்திற்கு உரியது என்று கண்டறிய முகவரி வரைபடத்தைப் பார்க்கவேண்டும். வரைபடம் அரிதாகவே மாறும். எனினும் மாறும்போது பழையதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் காலடியிலிருந்து அதனை இழுத்துவிடக்கூடாது. பால் மெக்கென்னியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் ஆர்சியு முறை இதற்கு உதவுகிறது: வரைபடத்தின் புதிய நகலை ஆயத்தப்படுத்திச் சுட்டியை மாற்றிவிட்டு, பழையதைப் பார்த்துக்கொண்டிருந்தோர் அனைவரும் விலகியபின் அதனை அழிப்பது. பாவ்லோ பொன்சினி முதலானோர் முயற்சியால் அது 2015இல் கியூஎமுவிற்குள் வந்தது. பெரும்பூட்டின்றி அழைக்கப்படலாம் என ஒரு நினைவகப் பகுதியைக் குறித்துவைக்கும் வசதியும் யான் கிஸ்காவின் முன்முயற்சியால் அவ்வாண்டிலேயே சேர்ந்தது. மின்மேலாண்மைக் கடிகாரம் அவ்வாறு குறிக்கப்பட்டது. பின்னர் அக்குறிப்பு திரும்பப் பெறப்பட்டது.

2025இல் அவ்வெண்ணம் மீண்டும் கையிலெடுக்கப்பட்டபோது ஒரு புதிய சிக்கல் வழிமறித்தது. இடைப்பட்ட காலத்தில், தீய விருந்தினர் ஒரு சாதனத்தைக்கொண்டு அச்சாதனத்தையே மீண்டும் அழைக்கச் செய்து நினைவகத்தைச் சிதைக்கும் வகைக் குறைபாடுகள் பல வெளிப்பட்டிருந்தன. அதனைத் தடுக்க ஒவ்வொரு சாதனத்திற்கும் ‘இப்போது உள்ளே ஒருவர் இருக்கிறார்’ என்று காட்டும் ஒரு கொடி 2023இல் சேர்க்கப்பட்டது. கொடி எழுந்திருக்கும்போது வரும் அழைப்பு மறுக்கப்படும். பெரும்பூட்டு இருக்கும்வரை இது சரியே. உள்ளே இருப்பவரும் மீண்டும் வருபவரும் ஒரே இழையாகத்தான் இருக்கமுடியும். பூட்டை எடுத்துவிட்டால் இரு வேறு செயலிகள் ஒரே கடிகாரத்தை இயல்பாகப் படிப்பதையும் அக்கொடி தாக்குதலாகக் கருதிவிடும். பாதுகாப்பிற்காக எழுதப்பட்ட புதிய நிரலும் பெரும்பூட்டைப் பெயர் கூறாமலே நம்பியிருந்தது! பூட்டற்ற பகுதி எனக் குறிக்கப்படும் சாதனத்திற்கு அக்காவலை விலக்கிவைப்பதே இப்போதைய ஏற்பாடு. கொடியைச் சாதனத்திற்கன்றி ஒவ்வோர் அழைப்பிற்கும் உரியதாக்குவது இனிச் செய்யவேண்டிய பணியாக மூலநிரலிலேயே குறிக்கப்பட்டுள்ளது.

இவ்வளவும் செய்தபின்னும் 255க்கு மேற்பட்ட செயலிகளைக் கொண்ட விண்டோஸ் விருந்தினர் எழுந்திருக்கவில்லை. அத்தனை செயலிகளுக்குக் குறுக்கீடுகளை மறுவழிப்படுத்தும் அமைப்பு தேவை. அதற்காகக் குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தியின் ஒரு பகுதி கெர்னலிலும் மறுபகுதி கியூஎமுவிலுமாகப் பிரித்து வைக்கப்படுகிறது. அவ்வமைப்பில் இழை விருந்தினருக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும், செலுத்தவேண்டிய குறுக்கீடு ஏதும் உண்டா என்று பார்க்கப் பெரும்பூட்டைப் பிடித்துவந்தது. கடிகாரத்தைப் பூட்டின்றிப் படித்த செயலி, திரும்பும் வழியில் அதே பூட்டில் சிக்கியது. குறுக்கீடு உண்மையில் இருந்தால் மட்டும் பூட்டைப் பிடிக்குமாறு மாற்றியபின்பே வழி திறந்தது.

இத்தனை உழைப்பிற்கு மாற்றாக, விருந்தினர் வெளியேற்றமின்றி நேரத்தை அறியும் துணைமெய்நிகராக்கக் கடிகாரங்கள் உள்ளன. அவையே சிறந்த வழி என்பதில் ஐயமில்லை. எனினும் விருந்தினர் எந்தக் கடிகாரத்தைத் தேர்வார் என்பதைப் புரவலர் எப்போதும் கட்டுப்படுத்த இயலாது.

மொழிபெயர்ப்பில் இயங்கும் செயலிகள்

வேற்றுச் செயலியை மொழிபெயர்ப்பால் இயக்கும்போது நிலைமை வேறு. 2017 ஏப்ரலில் வந்த 2.9 பதிப்புவரை, விருந்தினருக்கு எத்தனை செயலிகள் இருப்பினும் அவையனைத்தும் ஒரே இழையில் முறைவைத்து இயங்கின. அவ்விழை பூட்டை விட மனமின்றி ஓடிக்கொண்டே இருக்குமாதலால், முதன்மை இழைக்குப் பூட்டு தேவைப்படும்போது அதனைத் தட்டி நிறுத்தத் தனி ஏற்பாடு ஒன்று வைத்திருக்க வேண்டியிருந்தது. ஆலெக்ஸ் பென்னே முதலானோர் உழைப்பில் உருவான பல்லிழை மொழிபெயர்ப்பு, செயலிக்கு ஓர் இழை என்னும் அமைப்பை இங்கும் கொண்டுவந்தது. மொழிபெயர்த்த துண்டுகளைத் தேடும் அட்டவணை, வாசிப்போர் பூட்டின்றிப் படிக்கத்தக்கதாக முன்னரே மாற்றப்பட்டிருந்தது. பூட்டைவிடக் கடினமாக இருந்தது நினைவக ஒழுங்கு: கடுமையான ஒழுங்கை எதிர்பார்க்கும் செயலிக்கான நிரலை, தளர்ந்த ஒழுங்குடைய செயலியில் பல இழைகளில் இயக்கினால் விடை தவறும். எனவே ஆர்ம் செயலிக்கான நிரலை எக்ஸ்86 கணினியில் இயக்குவதுபோன்ற, தளர்ச்சியிலிருந்து கடுமையை நோக்கிச் செல்லும் இணைகளிலிருந்தே அது தொடங்கிற்று. சாதனங்களைத் தொடுகையில் இம்முறையிலும் பெரும்பூட்டே ஆள்கிறது.

நெரிசல் கீழிறங்குதல்

ஒரு பூட்டைத் தளர்த்தினால் அதன் பின்னால் மறைந்திருந்த அடுத்த பூட்டு வெளிப்படும். கேவிஎம்மிற்குள் விருந்தினரின் நினைவகப் பக்க அட்டவணைகளைக் காக்கும் சுழல்பூட்டு அத்தகையது. புதிய பக்கத்தை முதன்முதல் தொடும் ஒவ்வொரு செயலியும் அதனைப் பிடிக்கவேண்டும். நூற்றுக்கணக்கான செயலிகளும் பல டெராபைட் நினைவகமும் உள்ள கணினியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு இயக்கத்திலேயே இடம்பெயர்க்கும்போது, எழுதப்பட்ட பக்கங்களைக் கண்டறிய அட்டவணை முழுவதும் எழுத்துத்தடை இடப்படுகிறது. அதன்பின் எல்லாச் செயலிகளும் ஒருசேர அப்பூட்டை நாடுகின்றன. கூகுளின் பென் கார்டன் எழுதிய புதிய பக்க அட்டவணை நிரல் லினக்ஸ் 5.10 பதிப்பில் வந்தது. 5.12 பதிப்பில் அச்சுழல்பூட்டு எக்ஸ்86 செயலிகளில் வாசிப்போர்-எழுதுவோர் பூட்டாக மாறி, பக்கப் பிழைகளை இணையாகக் கையாள இடமளித்தது. எழுதப்பட்ட பக்கங்களைச் செயலிக்கு ஒரு வளையமாகப் பதியும் பீட்டர் ஷூவின் முறை 5.11 பதிப்பில் சேர்ந்தது. மொத்த நினைவகத்திற்கும் ஒரே வரைபடத்தைப் பெற்றுப் பார்க்கும் சுமையை அது தவிர்க்கிறது.

கியூஎமுவில் இன்றும் பெரும்பான்மைச் சாதனங்கள் பெரும்பூட்டின்கீழேயே உள்ளன. தொடர்வாயில், விசைப்பலகை, நெகிழ்வட்டு போன்றவற்றைப் பூட்டிலிருந்து விடுவிப்பதால் பயனில்லை. அவற்றின் நிரலைத் திறந்து பார்ப்பதே புதிய பிழைகளுக்கு வாயிலாகும். சாதனத்தைச் சேர்த்தல், நீக்கல், இடம்பெயர்வின் இறுதிக்கட்டம் ஆகியவை முழுக்கணினியையும் ஒரு நிலையில் நிறுத்தவேண்டியவை. அவற்றிற்குப் பெரும்பூட்டு குறையன்று, வசதி.

பூட்டின்கீழ் இருப்பதை வெளிப்படையாக எழுதும் முயற்சி ரஸ்ட் மொழியின் வழியாகவும் நடைபெறுகிறது. அண்மைப் பதிப்புகளில் அம்மொழியில் சாதனங்களை எழுத அளிக்கப்பட்டுள்ள வகைகளுள் பெரும்பூட்டின் பெயரைத் தாங்கிய கலங்கள் சில உண்டு. அவற்றுள் வைக்கப்பட்ட தரவைத் தொடும்போது இழை பூட்டைப் பிடித்திருக்கிறதா என்று சோதிக்கப்படும். பிடித்திராவிட்டால் நிரல் அங்கேயே நிற்கும். ரஸ்ட்டில் எழுதப்பட்ட முதற்சாதனங்களுள் ஒன்று ஹெச்பெட். சி மொழியில் அதன் முதன்மை எண்ணியைப் பூட்டின்றிப் படிக்க வழிசெய்யப்பட்ட அதே காலத்தில், ரஸ்ட் வடிவத்தின் பதிவகங்கள் பெரும்பூட்டின் பெயர் பொறித்த கலங்களுக்குள் அமைந்திருந்தன.